நியூட்டன் குடும்பம் எந்த நியூட்டனைச் சேர்ந்தது? தேடும் வழி

நியூட்டன் என்ற குடும்பப்பெயர் ஓர் ஊர்ப்பெயரிலிருந்து வந்தது. அதன் மூலமான ‘நீவே டூன்’ என்றால் பழைய ஆங்கிலத்தில் புதுக் குடியிருப்பு. நம் புதூர் மாதிரி. அதனால்தான் இங்கிலாந்து முழுக்க நியூட்டன்கள்: டெவனில் நியூட்டன் அபட், பழைய லங்காஷயரில் நியூட்டன் லெ வில்லோஸ். வரைபடத்தை விரித்து ஒன்றைப் பிடித்துக்கொள்வதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. பெரும்பாலும், ஊரைவிட்டுப் போனவருக்குத்தான் ஊர்ப்பெயர் ஒட்டும். நியூட்டனுக்குள் எல்லாருமே நியூட்டன்காரர்கள்தானே!

ஆகவே ஆளிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இங்கிலாந்தில் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. ‘ஃப்ரீ பிஎம்டி’ தளத்தில் அதன் அட்டவணையை இலவசமாகத் தேடலாம். அதோடு 1851 மக்கள்தொகைக் கணக்கையும் பாருங்கள். பிறந்த ஊர் அதில் இருக்கும். 1841 கணக்கில் வசிக்கும் மாவட்டத்திலேயே பிறந்தவரா, இல்லையா என்பதும், ஸ்காட்லாந்து, அயர்லாந்து அல்லது வெளிநாட்டில் பிறந்தவரா என்பதும்தான் இருக்கும். வயதையும் அதில் நம்பாதீர்கள்: 15-க்கு மேற்பட்டவர்களுக்கு ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 38 வயதுக்காரர் 35 ஆகிவிடுவார்.

அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான். 1538-இல் தொடங்கினாலும் பல ஊர்களில் ஆரம்ப ஏடுகள் தப்பவில்லை. இங்கே ஆண்டுக் கணக்கு காலை வாரும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் மார்ச் 25-தான் ஆண்டுப் பிறப்பு. ஐசக் நியூட்டன் 1642 டிசம்பர் 25-இல் பிறந்தார், ஜனவரி 1-இல் ஞானஸ்நானம். அன்றைய கணக்கில் அந்த ஜனவரியும் 1642 தான். இதைக் கவனிக்காதவர், பிறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே ஞானஸ்நானம் நடந்ததாகக் குழம்புவார். ‘1642/3’ என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டலிலும் பிடிவாதம் வேண்டாம். நியூடன், நியூட்டவுன் என்றெல்லாம் எழுதியிருப்பார்கள்.

1600-களில் குடும்பம் எந்தத் திருச்சபை வட்டத்தில் இருக்கிறதோ அதை நடுவாக வைத்து, முதலில் 20 மைல் சுற்றளவில் நியூட்டன்களைத் தேடுங்கள். நாலு வீட்டுக் குக்கிராமத்தையும் பாழடைந்த ஊரையும் விடாதீர்கள். இங்கிலீஷ் பிளேஸ்-நேம் சொசைட்டியின் மாவட்டவாரித் தொகுதிகளில் பழைய வடிவங்களோடு இவை கிடைக்கும்.

இரண்டு நியூட்டன்கள் சிக்கினால் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அவசரப்படாதீர்கள். அந்த வட்டாரத்தின் 1377, 1379, 1381 தலைவரிப் பட்டியல்கள் தப்பியிருந்தால், ‘டி நியூட்டன்’ (நியூட்டனைச் சேர்ந்தவர்) என்று யார் எங்கே வரி கட்டினார் என்று பாருங்கள். ‘நியூட்டன் குடும்பச் சின்னம்’ என்று விற்பதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். சின்னம் தனி ஆளுக்கும் அவர் வாரிசுக்கும் உரியது, பெயருக்கு அல்ல.