தொட்டியில் நிஷாகந்தி

பிரம்ம கமலம் என்று பலரும் தவறாக அழைக்கும் நிஷாகந்தி, மெக்சிகோ முதலான நாடுகளின் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளரும் கள்ளியினம் ஆதலால், வேரடியில் நீர் தேங்குவதைப் பொறுப்பதில்லை. இரு பருவமழைகளும் பெய்யும் குமரி மாவட்டத்தில் வெயிலைவிட இதுவே பெரிய தொல்லை. இலைபோலத் தோன்றும் தட்டையான தண்டைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, வெட்டுவாய் உலரும்வரை சில நாள் நிழலில் வைத்திருந்து, ஊறவைத்துக் கறை போக்கிய கதம்பை (தேங்காய் மட்டை) துண்டுகள், மணல், சிரட்டைக் கரி, மட்கிய சாணம் கலந்த தொட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்தில் ஊன்ற வேண்டும். காலை வெயில் மட்டும் படும் திண்ணையோரம் போதுமானது. மொட்டு விட்டபின் தொட்டியை இடம் மாற்றினால் மொட்டு உதிரக்கூடும். தொங்கும் மொட்டின் காம்பு வளைந்து, பருத்த நுனி மேல்நோக்கி நிமிர்ந்துவிட்டால் மலரும் இரவு நெருங்கிவிட்டது. விடிவதற்குள் பூ வாடிவிடுமாதலால் அன்று சற்றுக் கண்விழிக்கத்தான் வேண்டும்.