உபுண்டு பூட் ஆகவில்லையா? ஃபார்மட் செய்வதற்கு முன் இதைப் பாருங்கள்

லினக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டமான உபுண்டு பூட் ஆகாமல், அதாவது ஆன் செய்தும் தொடங்காமல், நின்றுவிட்டால் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் முதல் யோசனை, ஃபார்மட் செய்துவிட்டு புதிதாகப் போடு என்பதுதான். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் உங்கள் ஃபைல்கள் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும், பூட் ஆகும் வழியில்தான் எங்கோ அடைப்பு.

அந்த வழி இதுதான்: மதர்போர்டில் உள்ள யூஇஎஃப்ஐ மென்பொருள் முதலில் கிரப் என்ற பூட் மெனு புரோகிராமை எழுப்பும், கிரப் கர்னலையும் (சிஸ்டத்தின் மையப் பகுதி) இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (டிஸ்க்கைத் திறக்க கர்னலுக்கு உதவும் தற்காலிக ஃபைல்கள்) மெமரியில் ஏற்றும், கர்னல் டிஸ்க்கைத் திறந்து, மற்ற சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டியிடம் விடும், அப்புறம்தான் லாகின் திரை. எங்கே நின்றது என்பது திரையில் வரும் கடைசி வரிகளில் தெரியும், மொபைலில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கீழே வரும் கட்டளைகளை ஆங்கிலத்தில் சிறிய எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

படி 1: கிரப் மெனு

ஆன் செய்ததும் கம்பெனி லோகோ மறையும் நேரத்தில் எஸ்கேப் கீயை ஒரு தடவை தட்டுங்கள். யூஇஎஃப்ஐக்குப் பதில் பயாஸ் உள்ள பழைய கம்ப்யூட்டர் என்றால் ஷிஃப்டை அழுத்திப் பிடிக்க வேண்டும். மெனு வந்தால் கிரப் வரைக்கும் எல்லாம் சரி.

படி 2: பழைய கர்னல்

நேற்று அப்டேட் செய்தீர்கள், இன்று 'கர்னல் பேனிக்' (கர்னல் மேலே ஓட முடியாத பிழை) என்று வந்து நிற்கிறதா? மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய எண் உள்ள கர்னலைத் தேர்ந்தெடுங்கள். நிறைய பேருக்கு இதிலேயே கம்ப்யூட்டர் எழுந்துவிடும். பூட் பார்ட்டிஷன் (டிஸ்க்கில் பூட் ஃபைல்களுக்கான பகுதி) தனியாக இருந்து அதில் பழைய கர்னல்கள் சேர்ந்து நிரம்பியிருந்தால், புதிய கர்னலுக்கு வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் முழுதாக எழுதப்படாமலே போயிருக்கும், அதுதான் இந்தப் பேனிக்குக்கு அடிக்கடி காரணம். உள்ளே போனதும் டெர்மினலில் (கட்டளை அடிக்கும் ஜன்னல்) 'சூடோ ஏப்ட் ஆட்டோரிமூவ்' (sudo apt autoremove) கொடுத்து இடம் விடுவித்து, 'சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்' (sudo update-initramfs -u -k all), பிறகு 'சூடோ அப்டேட்-கிரப்' (sudo update-grub) இரண்டையும் ஓட்டிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இடம் விடுவிக்காமல் அடுத்த இரண்டை மட்டும் ஓட்டினால் பலன் இருக்காது.

படி 3: வெறும் கறுப்புத் திரை

இது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் கோளாறு. மெனுவில் உபுண்டு வரியில் நின்று ஈ கீயை அழுத்துங்கள், 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு 'நோமோட்செட்' (nomodeset) என்று சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். இது அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான், உள்ளே போய் டிரைவரைச் சரிசெய்ய வேண்டும்.

படி 4: பாஸ்வேர்டு சரி, ஆனாலும் லாகின் திரையே திரும்ப வருகிறது

டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி, அங்கே லாகின் செய்து 'டிஎஃப் -எச்' (df -h) அடியுங்கள். 100% காட்டினால் 'சூடோ ஏப்ட் கிளீன்' (sudo apt clean) கொடுத்து, தேவையில்லாத பெரிய ஃபைல்களையும் நீக்குங்கள்.

படி 5: 'இனிட்ராம்எஃப்எஸ்' என்ற வரியில் நின்றால்

கரண்ட் போய் சட்டென்று அணைந்த கம்ப்யூட்டர்களில் இது அதிகம். மேலே எந்தப் பார்ட்டிஷனில் பிழை என்று காட்டியிருக்கும். பிழைகளைச் சரிசெய்யும் 'எஃப்எஸ்சிகே -ஒய்' (fsck -y) அடித்து, இடைவெளி விட்டு அந்தப் பார்ட்டிஷனின் பெயரைத் திரையில் உள்ளபடியே கொடுங்கள், முடிந்ததும் 'எக்ஸிட்' (exit) அடியுங்கள்.

ஆனால் 'ஐஓ எரர்' (I/O error, டிஸ்க்கைப் படிப்பதில் எழுதுவதில் பிழை) என்ற வரிகள் ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கட்டளையைத் தொடவே வேண்டாம், டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். உபுண்டு பென்டிரைவில் பூட் செய்து, 'ட்ரை உபுண்டு' தேர்ந்தெடுத்து, ஹோம் ஃபோல்டரை வேறு டிஸ்க்குக்கு காப்பி செய்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.