அஞ்சலி அட்டைப்படம்: அவசரத்தில் விடும் பிழைகள்

ஒரு பாடகரோ நடிகரோ எழுத்தாளரோ காலமான செய்தி வந்தால், யாழ்ப்பாணத்தில் சஞ்சிகை நடத்துகிறவர்கள் அன்றிரவே கணினி முன் உட்கார்ந்துவிடுவார்கள். மாத சஞ்சிகை, பாடசாலை மலர், சனசமூக நிலைய வெளியீடு, பல்கலைக்கழக மாணவர் இதழ் எல்லாவற்றிலும் கை தானாகப் போவது ஒரே இடத்துக்குத்தான். கறுப்புப் பின்னணி, நடுவில் ஒரு முகம், கீழே குத்துவிளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி'. சந்தியில் கட்டும் பனருக்கு இது சரி. வழியில் போகிறவருக்கு இன்னார் காலமானார் என்று அறிவிப்பதற்காகத்தான் அதைக் கட்டுகிறோம். மாத சஞ்சிகை கைக்கு வரும்போது பெரும்பாலும் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியே முடிந்திருக்கும். இறந்த செய்தி ஊருக்கே தெரியும். அந்த மனிதர் என்ன செய்தார், எதற்காக அவரை நினைக்கிறோம் என்பதற்குத்தான் அட்டையில் இடம் வேண்டும். நான் பார்த்த பிழைகளில் பாதிக்கு மேல், பனரையும் அட்டையையும் ஒன்றாக நினைத்ததால் வந்தவை.

எல்லாவற்றுக்கும் முன்னால், செய்தி உண்மையா என்று பாருங்கள். 2020 ஜூனில் எஸ். ஜானகி இறந்துவிட்டார் என்று ஒரு வதந்தி உலகத் தமிழர் எல்லோர் தொலைபேசிக்கும் போனது. அவர் நலமாக இருக்கிறார், இப்படிப் பரப்பாதீர்கள் என்று எஸ்.பி. பாலசுப்பிரமணியம் காணொளியில் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டெம்பர் 25இல் எஸ்.பி.பி.யே போய்விட்டார் என்பதை இன்றைக்கும் நினைக்கக் கஷ்டமாக இருக்கிறது. ஜெயலலிதா விடயத்திலும் 2016 டிசெம்பர் 5 மாலையிலேயே சில தொலைக்காட்சிகள் மரணத்தை அறிவித்துவிட்டன, மருத்துவமனை அதை மறுத்தது. பிறகு வந்த அறிவிப்பில் அன்றிரவு 11.30 மணிக்குக் காலமானார் என்று இருந்தது. பத்து வட்ஸ்அப் குழுவில் வந்தாலும் அது ஒரே செய்தியின் பத்துப் பிரதிகளாக இருக்கலாம். குடும்பமோ மருத்துவமனையோ சொன்ன பிறகு வடிவமைப்பைத் தொடங்குங்கள்.

அடுத்தது பெயர். இங்கே ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. காங்கேசன்துறை வி.வி. வைரமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள். இசை நாடக மேடையில் அரிச்சந்திரனாக நின்று மயான காண்டத்தை ஊர் ஊராக வாழவைத்த நடிகமணி, 1989இல் காலமானவர். நினைவு இதழ் ஒன்றுக்குப் படம் வேண்டுமென்று இணையத்தில் 'வைரமுத்து' என்று மட்டும் தேடினால், தமிழ்நாட்டுப் பாடலாசிரியரின் படங்கள்தான் வரிசையாக வரும். விடயம் தெரியாத இளைஞர் ஒருவர் நடு இரவில் அதிலொன்றை எடுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? முதலெழுத்தும் ஊர்ப்பெயரும் சேர்த்துத் தேடுங்கள். கிடைத்த படத்தை அவரை நேரில் கண்ட ஒருவரிடம் காட்டுங்கள். இளம் வயதுப் படம் என்றால் இரண்டு பேரிடம் காட்டுங்கள்.

திகதியிலும் இதே கவனம் வேண்டும். நம் கலைஞர்கள், எழுத்தாளர்கள் பலர் இன்று வெளிநாட்டில் காலமாகிறார்கள். எழுத்தாளர் எஸ்.பொ. 2014 நவம்பர் 26இல் சிட்னியில் காலமானார். ரொறன்ரோவில் 25ஆம் திகதி மாலை ஒருவர் கண்ணை மூடினால் நம் கடிகாரத்தில் 26 காலையாகியிருக்கும். அட்டையில் போக வேண்டியது இறந்த இடத்துத் திகதி. நாங்கள் செய்தி கேட்ட திகதியைப் போட்டுவிட்டால், அதுவே பிறகு கட்டுரைகளிலும் நினைவு நூலான கல்வெட்டிலும் ஏறி நிலைத்துவிடும். திதியை எப்படிக் கணிப்பது என்பது வேறு விடயம். அதைத் திதி வெண்பா எழுதுகிறவருக்கும் குடும்பத்துக்கும் விட்டுவிடுங்கள்.

இனிப் படத்துக்கு வருவோம். அஞ்சலி அட்டை என்றதும் உலகில் பலரும் முதலில் சொல்வது, 1981 ஜனவரி 22ஆம் திகதியிட்ட ரோலிங் ஸ்டோன் என்ற அமெரிக்க இசைச் சஞ்சிகையின் இதழ். பீட்டில்ஸ் பாடகர் ஜோன் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டது 1980 டிசெம்பர் 8இல். அன்று பகலில்தான் புகைப்படக் கலைஞர் அனி லீபோவிட்ஸ் அவரது வீட்டில் அந்தப் படத்தை எடுத்திருந்தார். உடையில்லாமல் ஒரு குழந்தை சுருண்டு படுப்பதுபோல லெனன் தன் மனைவி யோகோ ஓனோவை அணைத்தபடி கிடக்கிறார். சஞ்சிகைக்காரர்கள் முதலில் விரும்பியது லெனன் தனியாக நிற்கும் படம். இருவரும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார். அவர் இறந்த பின்பும் அந்த விருப்பத்தைக் காப்பாற்றினார்கள். அட்டையில் சஞ்சிகையின் பெயரைத் தவிர ஒரு தலைப்பும் இல்லை. பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, அஞ்சலி, ஆழ்ந்த இரங்கல் எதுவும் இல்லை. சம்பவம் நடந்து ஆறு வாரம் கழித்து வரும் இதழுக்கு அவை தேவைப்படவில்லை. 2005இல் அமெரிக்கச் சஞ்சிகை ஆசிரியர் சங்கம், முந்தைய நாற்பது ஆண்டுகளின் மிகச் சிறந்த அட்டையாக இதைத் தெரிந்தெடுத்தது.

முகமே இல்லாமலும் செய்யலாம். பாடகர் பிரின்ஸ் 2016 ஏப்ரல் 21இல் இறந்தபோது நியூ யோர்க்கர் சஞ்சிகை அட்டை முழுவதையும் ஊதா நிறமாக்கி, மழைத்துளிகளை மட்டும் விழவிட்டது. ஊதா மழை என்பது அவருடைய பாடலின் பெயர். அவர் பாட்டைக் கேட்டவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

நமக்கு இது முடியாத காரியமா? யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்திக்கு ஒரு நினைவு அட்டை செய்வதாக வைத்துக்கொள்வோம். 1975இல், நாற்பத்தொரு வயதில் போய்விட்ட மனிதர். கடவுச்சீட்டுப் படம்போல நேராகப் பார்க்கும் முகத்தைவிட, தவிலின் மேல் இறங்கும் அந்தக் கை எவ்வளவு சொல்லும்! வி.வி. வைரமுத்துவுக்கு வேட்டி சால்வைப் படம் எதற்கு, அரிச்சந்திர வேடத்திலேயே அவர் நிற்கட்டும். எழுத்தாளர் என்றால் திருத்தல் கோடுகளோடு ஒரு கையெழுத்துப் பக்கம். அறிவிப்பாளர் என்றால் ஒலிவாங்கிக்கு முன் வாயைத் திறந்திருக்கும் கணம். இப்படிப் படம் இல்லையென்றால், அவர் நல்ல ஆரோக்கியத்தோடு தன் வேலையில் இருந்த காலத்தில் எடுத்த எந்தப் படமும் போதும். மருத்துவமனைக் கட்டிலில் எடுத்ததும் பெட்டிக்குள் இருக்கும்போது எடுத்ததும் வேண்டவே வேண்டாம். பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நின்று படம் எடுக்கும் வழக்கம் நம்மூரில் இருந்ததுதான், அது வீட்டு அல்பத்துக்கு உரியது.

படம் கிடைக்கவில்லை என்று நாம் தவிப்பதற்குக் காரணம், ஆட்கள் இருக்கும்போது எடுத்துவைக்காததுதான். டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை என்ற இலக்கியச் சஞ்சிகையின் பழைய இதழ்களை நூலகம் இணையத்தளத்தில் திறந்து பாருங்கள். எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அவர்கள் உயிரோடு இருக்கும்போதே அட்டையில் போட்டு, உள்ளே அவர்களைப் பற்றி எழுதவும் வைத்தார். படத்துக்குப் புளொக் எனும் அச்சுக்கட்டை செய்தால்தான் அச்சேற்றலாம் என்று இருந்த காலத்தில் அது சின்னச் செலவில்லை. ஜீவா 2021 ஜனவரி 28இல் காலமானபோது மல்லிகை நின்று சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று எல்லோர் கையிலும் கமெரா இருக்கிறது. உங்கள் ஊரில் கூத்துப் பழக்கும் மூத்த அண்ணாவியார், நாதஸ்வரக்காரர், நாடகக்காரர் இருந்தால் இந்த மாதமே போய் நல்ல படம் எடுங்கள். அஞ்சலிக்காக என்று நினைத்து எடுக்க வேண்டாம், அடுத்த இதழின் அட்டைக்காகவே எடுங்கள்.

சமயம் பற்றி ஒரு சொல். குத்துவிளக்கும் மாலையும் 'சிவபதமடைந்தார்' என்ற சொல்லும் எல்லோருக்கும் பொருந்தாது. நாகூர் ஈ.எம். ஹனிபா 2015 ஏப்ரலில் வபாத்தானபோது, மற்றவர்களுக்குச் செய்கிற பழக்கத்தில் விளக்கேற்றி மாலை போட்ட படங்கள் வந்தன என்றால், அது அவரையும் அவர் சமூகத்தையும் தெரியாதவர்கள் செய்தது. கிறிஸ்தவருக்கு, இஸ்லாமியருக்கு, கடவுள் நம்பிக்கை இல்லாமலே வாழ்ந்த இடதுசாரிக்கு எந்தச் சொல், எந்த அடையாளம் என்று வீட்டாரைக் கேளுங்கள். கேட்க முடியாவிட்டால் 'காலமானார்' யாரையும் புண்படுத்தாது.

அச்சு வேலையில் விடும் பிழைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏ4 அட்டை நிறைய ஒரு படம் தெளிவாக வர 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக வந்தது சுருங்கிப்போனது, ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள் அல்லது மின்னஞ்சலில் வாங்குங்கள். மங்கிய படத்தை ஏஐ செயலியில் கொடுத்துத் தெளிவாக்கினால், அது தெரியாத இடத்தைத் தானாக நிரப்பும். கண்ணும் பல்லும் வேறு ஒருவருடையதாகிவிடும், அவருடைய பிள்ளைகளுக்கு ஒரு பார்வையிலேயே தெரியும். முழுக் கறுப்பு அட்டையில் கறுப்பு மையை மட்டும் போட்டால் சாம்பலாகத் தெரியும். நான்கு மையையும் அளவில்லாமல் ஏற்றினால் காயாமல் அடுத்த தாளில் ஒட்டும். நான்கு மையின் சதவீதங்களையும் கூட்டினால் 300ஐத் தாண்டாமல் வைத்து, லமினேட் செய்யுங்கள். இல்லாவிட்டால் மடிப்பில் மை வெடித்து வெள்ளைக் கோடு விழும்.

விளம்பரத்தையும் பாருங்கள். அட்டையைப் புரட்டியதும் உள்பக்கத்தில் சிரித்த முகத்தோடு நகைக்கடை மணப்பெண் நின்றால் வாசகருக்கு முகத்தில் அடித்ததுபோல் இருக்கும். அனுசரணையாளரின் பெயரை இறந்தவர் பெயரைவிடப் பெரிதாகப் போடுவது இன்னும் மோசம். ஸ்டீவ் ஜொப்ஸ் இறந்தபோது புளூம்பேர்க் பிஸ்னஸ்வீக் அந்தச் சிறப்பிதழை விளம்பரமே இல்லாமல் வெளியிட்டது. நமக்கு அவ்வளவு வசதி இல்லை, விளம்பரத்தை நடுப்பக்கத்துக்குத் தள்ள எல்லோராலும் முடியும்.

கடைசியாக, படம் யாருடையது? படத்தில் இருப்பவர் இறந்துவிட்டார் என்பதால் அது பொதுச் சொத்தாகாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு படைப்பின் உரிமை படைத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். அதாவது எடுத்தவரிடமோ அவர் வாரிசிடமோ கேட்க வேண்டும். அனுமதி கிடைத்ததும் உள்பக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள், ஸ்டூடியோக்காரராக இருந்தாலும் அயல்வீட்டுப் பையனாக இருந்தாலும். அட்டையில் மாதமும் ஆண்டும் இதழ் இலக்கமும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு அச்சகத்துக்குக் கோப்பை அனுப்புங்கள். அதற்கு முன் பெயரையும் இரண்டு திகதிகளையும் வீட்டாருக்குத் தொலைபேசியில் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடுங்கள்.