சோறா, சப்பாத்தியா, கேழ்வரகா? சுகர் மிஷினை வைத்து வீட்டிலேயே சோதிப்பது எப்படி

சுகர் இருக்கிறது என்று தெரிந்த மறுநாளே வீட்டில் மூன்று மாற்றங்கள் வந்துவிடும். ராத்திரிச் சோறு போய் சப்பாத்தி வரும். காலையில் இட்லிக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சி. காப்பியில் வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, இல்லாவிட்டால் கருப்பட்டி. சொந்தக்காரர்கள் முதல் கிளினிக்கில் கொடுக்கிற அச்சடித்த தாள் வரை எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால் பலருக்கு எண் இருந்த இடத்திலேயே இருக்கும். தானியத்தின் பெயர் மாறியதே தவிர, தட்டில் விழுகிற மாவுச்சத்து அப்படியேதான் இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. 30 கிராம் கோதுமை மாவில் செய்த ஒரு சப்பாத்தியில் சுமார் 20 கிராம். 200 கிராம் சோறு சாப்பிட்டவர் மூன்று சப்பாத்திக்கு மாறினால் 56 கிராம் 60 ஆகிறது. சப்பாத்திக்கு மாறிச் சுகர் குறைந்தவர்களும் உண்டு. பெரும்பாலும் அது கோதுமையின் மகிமை அல்ல. சப்பாத்தியை எண்ணித் தின்கிறோம், சோற்றை யாரும் எண்ணுவதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுக்க நடத்திய நீரிழிவுக் கணக்கெடுப்பான ஐசிஎம்ஆர்-இண்டியாப்பிலிருந்து 2025இல் வெளியான உணவு ஆய்வும் இதே பக்கம்தான் கை காட்டுகிறது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அரைத்த கோதுமையையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைப் பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினால்தான் குறைகிறது. ஆனால் இது ஊர் முழுக்கக் கணக்கெடுத்துச் சொன்னது. ஒரே சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஆள் சுகர் வேறுமாதிரி ஏறும் என்பதை 2015இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 800 பேரை வைத்துக் காட்டியது. ஆகவே உங்கள் உடம்பு எதற்கு எவ்வளவு ஏறுகிறது என்பதை நீங்களே அளந்து பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. அளக்கிற முறை தப்பினால் மட்டும் பழைய நம்பிக்கைக்குப் பதில் புது மூடநம்பிக்கை கிடைக்கும்.

யார் தானாகத் தொடங்கக் கூடாது

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபிசைடு வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்து அதே அளவில் இருக்க மாவுச்சத்து மட்டும் குறைந்தால் சுகர் 70க்குக் கீழே விழும்: வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம். அப்படி விழுந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் கருப்பட்டியா வெள்ளைச் சர்க்கரையா என்ற ஆராய்ச்சி வேண்டாம்.

டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் வகைச் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து வேறு வகை. மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரலாம். மிஷினில் சுகர் பெரிதாக ஏறியிருக்காது, அதனால் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். இந்த மாத்திரையில் இருக்கும்போது வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் சுகர் எண்ணைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம்.

தேவையானவை

குளுக்கோமீட்டர் என்கிற சுகர் மிஷின் ஒன்று, காலாவதி ஆகாத 50 ஸ்ட்ரிப் உள்ள டப்பா ஒன்று, கிராம் காட்டும் சமையல் தராசு, ஒரு நோட்டு. தராசு இல்லாமல் இறங்க வேண்டாம். “ஒரு கப்” என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

ஸ்ட்ரிப் ஈரத்தில் கெடும். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்த கையோடு மூடிவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது, அடுப்பு மேடையிலும் வைக்கக் கூடாது. மிஷின் லேப் போலத் துல்லியமானது என்றும் நினைக்க வேண்டாம். சர்வதேசத் தரமே, 100க்கு மேல் இருக்கும் அளவீடுகளில் நூற்றுக்கு 95 முறை 15 சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்கிறது. உண்மையான சுகர் 180 என்றால் மிஷின் 153 காட்டினாலும் 207 காட்டினாலும் தரத்துக்குள் வந்துவிடும். இரண்டு உணவுக்கு நடுவே 10, 15 வித்தியாசம் வந்ததை வைத்து “எனக்குக் கேழ்வரகு ஒத்துக்கொள்கிறது” என்று முடிவு கட்டக் கூடாது என்பது இதனால்தான்.

ரத்தம் எடுக்கும் விதம்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்க வேண்டும். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் தோலில் ஒட்டிய சர்க்கரையும் சேர்ந்து 50, 100 கூடுதலாகக் காட்டலாம். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் பழச்சர்க்கரை முழுசாகப் போகாது, தண்ணீர்தான் வேண்டும். ஸ்பிரிட் போட்டால் காயும்வரை பொறுங்கள்.

விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள்; வலி குறைவு. துளி வரவில்லை என்று நுனியைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து எண் மாறும். கையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் நோக்கி மெதுவாக நீவினால் போதும். ஸ்ட்ரிப்பின் வாயைத் துளியில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். துளி போதவில்லை என்று அதே ஸ்ட்ரிப்பில் இரண்டாவது துளியைச் சேர்க்காமல் புது ஸ்ட்ரிப் எடுங்கள், அதற்குரிய காசு போனாலும்.

சோதனை

ஒப்பிடுகிற எல்லா உணவிலும் மாவுச்சத்து ஒரே அளவில் இருக்க வேண்டும். 50 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு உணவு சுகரை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் கிளைசீமிக் குறியீட்டைக் கணக்கிடவும் வழக்கமாக இந்த அளவைத்தான் எடுக்கிறார்கள். சமைத்த சோற்றின் எடை தண்ணீரைப் பொறுத்து மாறும் என்பதால் பச்சையாக எடை போடுங்கள். அரிசி 65 கிராம், கோதுமை மாவு 75 கிராம், கேழ்வரகு மாவு 75 கிராம். அரிசியைத் தனிப் பாத்திரத்தில் வேக வைத்து அத்தனையும் சாப்பிட வேண்டும். 75 கிராம் மாவில் நடுத்தரமாக இரண்டரைச் சப்பாத்தி வரும்.

தொட்டுக்கொள்வதும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கட்டும்: அதே அளவு சாம்பார், அதே பொரியல். சோற்றுக்கு ரசமும் சப்பாத்திக்குக் கொண்டைக்கடலைக் குருமாவும் வைத்துவிட்டு, “சப்பாத்திக்கு ஏறவே இல்லை” என்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அங்கே சுகரைப் பிடித்து நிறுத்தியது கொண்டைக்கடலை.

எந்த வேளையைப் பற்றிச் சந்தேகமோ அந்த வேளையிலேயே சோதியுங்கள். காலையில் பலருக்கு ஹார்மோன்களால் சுகர் கூடுதலாக ஏறும். ஆகவே காலைக் கேழ்வரகையும் ராத்திரிச் சோற்றையும் ஒப்பிடக் கூடாது. சாப்பிடுவதற்கு முந்தைய நான்கு மணி நேரம் காப்பி, டீ, பிஸ்கெட், பழம் எதுவும் வேண்டாம். முதல் கவளத்துக்கு முன் ஒரு எண். முதல் கவளம் எடுத்த நேரத்திலிருந்து 60 நிமிடத்தில் ஒன்று, 120 நிமிடத்தில் ஒன்று. கை கழுவிய நேரத்திலிருந்து கணக்கிட்டால் அரை மணி தள்ளிப்போகும். அந்த இரண்டு மணி நேரமும் ஒரே மாதிரி உட்கார்ந்திருங்கள். ஒரு நாள் டிவி முன்னால், இன்னொரு நாள் மாடி ஏறி இறங்குவது என்று இருந்தால் சோதனை வீண்.

ஒவ்வொரு உணவையும் வெவ்வேறு நாளில் இரண்டு முறை. மூன்று உணவு, இரண்டு நாள், மூன்று எண் என்றால் 18 ஸ்ட்ரிப். மீதி அடுத்த கட்டத்துக்கு. காய்ச்சல், தூக்கம் கெட்ட இரவு, ஸ்டீராய்டு மருந்து இருக்கும் நாட்களைத் தள்ளிவிடுங்கள்.

இரண்டு முறையின் சராசரியை எடுத்து, உச்ச எண்ணிலிருந்து சாப்பாட்டுக்கு முந்தைய எண்ணைக் கழியுங்கள். அந்த ஏற்றத்தைத்தான் ஒப்பிட வேண்டும், வெறும் இரண்டு மணி எண்ணை அல்ல. 110இலிருந்து 170க்குப் போனவரும் 150இலிருந்து 170க்குப் போனவரும் ஒன்றல்ல. இரு உணவுகளின் ஏற்றத்தில் 30க்குக் குறைவான வித்தியாசம் இருந்தால் இரண்டும் சமம் என்றே எழுதிக்கொள்ளுங்கள். பலருக்குச் சோறும் சப்பாத்தியும் இந்தக் கோட்டுக்குள் வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

கேழ்வரகை இரண்டு வடிவத்தில் சோதிப்பது நல்லது: நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி ஒரு நாள், கெட்டியான களி இன்னொரு நாள். மாவு எவ்வளவு நைசோ, எவ்வளவு வெந்து நீர்த்திருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் ரத்தத்துக்குப் போகும். “சிறுதானியம் சுகருக்கு நல்லது” என்கிற வாக்கியத்தில் வடிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை.

பழைய சோற்றைப் பற்றியும் கேட்பார்கள். ஆறவைத்த சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடும் என்பது சரி. இந்தோனேசியாவில் 2015இல் அளந்தபோது, புதுச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம்; 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துச் சூடாக்கியதில் 1.65 கிராம். கூடியது ஒரு கிராம்தான். பழைய சோற்றுக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். இரண்டு மடங்கு சாப்பிட இது அனுமதிச் சீட்டு இல்லை.

மிஷின் கண்ணுக்குத் தெரியாதவை

நாட்டுச் சர்க்கரையையும் கருப்பட்டியையும் இந்தச் சோதனையில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். மிஷின் குளுக்கோஸை மட்டுமே அளக்கும். 50 கிராம் சர்க்கரைக்கும் 50 கிராம் மாவுச்சத்துள்ள சோற்றுக்கும் வைத்துப் பார்த்தால் சர்க்கரையே குறைவாகக் காட்டலாம்! ஃபிரக்டோஸ் கல்லீரலுக்குப் போய், அளவு மிஞ்சினால் அங்கே கொழுப்பாகிறது. விரல் நுனியில் அது தெரியாது. வெல்லமும் கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பங்கு இதே சர்க்கரைதான் (சுக்ரோஸ்). அவற்றில் இருக்கும் இரும்புச்சத்தைச் சொல்லி விற்கிறார்கள்; ஒரு டம்ளர் காப்பிக்குப் போடும் 5 கிராமில் கிடைப்பது துளி. சர்க்கரைக்கு உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன வரம்பு, மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழ். முடிந்தால் 5 சதவீதம், அதாவது நாளுக்குச் சுமார் 25 கிராம். அந்தக் கணக்கில் தேனும் பழச்சாறும் சேரும். எந்தச் சர்க்கரை என்று யோசிப்பதை விட்டு எத்தனை ஸ்பூன் என்று எண்ணுவதே பயன்.

எண்ணெயும் இப்படி ஏமாற்றும். பரோட்டா, பிரியாணி, நெய் ரோஸ்ட்டில் இருக்கும் கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். இரண்டு மணிக்கு 150 காட்டி, மூன்றாவது நான்காவது மணியில் 210 வரலாம். இவற்றுக்கு 180, 240 நிமிடத்திலும் பாருங்கள்.

இன்னொரு எதிர்முனை, மாவுச்சத்தை முழுக்க ஒதுக்கி நெய்யிலும் இறைச்சியிலும் வாழ்வது. இதய நோய்க்குக் கொழுப்பைக் குற்றவாளியாக்கி சர்க்கரையைத் தப்பவிட்ட கதை உண்மைதான்: அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்து எழுதவைத்த கட்டுரை 1967இல் வந்தது, 2016இல்தான் அந்தக் காகிதங்கள் வெளியே வந்தன. அதற்காக நெய் குற்றமற்றது என்று ஆகிவிடாது. இந்த வழியில் மிஷின் எண் அழகாக இருக்கும்போதே சிலருக்கு எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் எகிறும். மூன்று மாதத்தில் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனை கட்டாயம். தவிர, வாரக்கணக்கில் மாவுச்சத்து இல்லாமல் இருந்துவிட்டு ஒரு நாள் சோறு சாப்பிட்டு அளந்தால் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும். அதைப் பார்த்து “சோறு விஷம்” என்று முடிவு செய்யக் கூடாது. சோதனைக்கு முன் மூன்று நாளாவது நாளுக்கு 150 கிராம் மாவுச்சத்தாவது எடுத்திருக்க வேண்டும்.

மீதி ஸ்ட்ரிப்புகளை எதற்குச் செலவிடுவது

தானியத்தை மாற்றிப் பார்த்தாகிவிட்டது. இனி அளவையும் வரிசையையும் மாற்றுங்கள். சோற்றை 65 கிராம் அரிசியிலிருந்து 40 கிராமுக்குக் குறைத்து, குறைந்த இடத்தில் ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ மீனோ வையுங்கள். பசி தாங்காது என்று பயந்து அளவை மட்டும் குறைக்கிறவர்கள் பத்து நாளில் பழைய தட்டுக்கே திரும்புவார்கள். புரதம் கூடாமல் இது நிற்காது. சென்னை ஆய்வாளர்கள் 2022இல் இண்டியாப் தரவுகளை வைத்துப் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட இதுதான்: நீரிழிவு தணிய மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 49 முதல் 54 சதவீதம், புரதம் 19 முதல் 20 சதவீதம். சோற்றைத் துறக்கச் சொல்லவில்லை.

அடுத்து, அதே தட்டை வரிசை மாற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். பொரியல், சுண்டல், முட்டை முதலில். சோறு பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து. நியூயார்க்கில் 11 நோயாளிகளிடம் இப்படிச் செய்தபோது ஒரு மணி நேரச் சுகர் 37 சதவீதம் குறைந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் காசு செலவில்லாமல் உங்கள் வீட்டில் மறுபடி செய்து பார்க்கக்கூடியது. மூன்றாவது, சாப்பிட்ட உடனே 10 நிமிட நடை. மற்ற எதையும் மாற்றாமல் அதை மட்டும் சோதியுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். நோட்டில் தேதி, பச்சை எடை, தொட்டுக்கொண்டது, மாத்திரை, மூன்று எண்கள். சர்க்கரை நோயாளிக்குப் பொதுவான இலக்கு சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130, சாப்பிட்ட பின் உச்சம் 180க்குக் கீழ். வயதானவர்களுக்கு மருத்துவர் தளர்த்தலாம். எந்தத் தட்டு உங்களை 180க்குள் நிறுத்துகிறதோ அதை மூன்று மாதம் தொடர்ந்துவிட்டு, மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பாருங்கள். அப்போது ஹீமோகுளோபினும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், முக்கியமாகப் பெண்கள்: இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். நோட்டில் நல்ல எண்கள் இருந்தும் லேப் எண் இறங்காவிட்டால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள்.