ரெக்கிலிருந்து டிராவல் டீமுக்கு: நாங்கள் சறுக்கிய இடங்கள்

ஆடியில் முகூர்த்தம் கிடையாது என்பார்கள். அமெரிக்காவில் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்றது, பந்தைக் கீழ்க்கையால் வீசுவார்கள்) ஆடும் பெண் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆடிக் கடைசியில்தான் முகூர்த்தமே. ஜூலையில் பெரிய போட்டிகள் ஓய்ந்ததும், ஆகஸ்டில் அடுத்த வருட டிராவல் அணிகளுக்கு, அதாவது ஊர் ஊராகப் போய்ப் போட்டி ஆடும் கிளப் அணிகளுக்கு, ஆள் எடுக்கும் டிரைஅவுட் தொடங்கிவிடும். பொழுதுபோக்காக ஆடும் ஊர் ரெக் லீகில் இரண்டு மூன்று வருடம் ஆடி, அங்கே சிறந்தவர்களைப் பொறுக்கி அமைக்கும் ஆல்ஸ்டார் அணியிலும் இடம் பிடித்த பெண் இருந்தால் யாராவது ஒரு கோச் கூப்பிடுவார், "உங்கள் பெண்ணை ஒரு நாள் அழைத்து வாருங்களேன்" என்று. கேட்க ரொம்பக் குளிர்ச்சியாக இருக்கும். டாலஸ் புறநகரில் இருக்கும் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் குளிர்ச்சியிலேயே கேட்க வேண்டிய எதையும் கேட்காமல் செக் எழுதிக் கொடுத்தோம்.

நாங்கள் செய்த பெரிய தவறு, கட்டும் பணத்துக்கு ஆட்டம் கிடைக்கும் என்று நினைத்தது. ரெக்கில் அது உண்மை. பணம் கட்டினால் அணியில் இடம் உண்டு, ஆடவும் விடுவார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டங்கள் நடத்தும் லிட்டில் லீக் அமைப்பில் இதற்கு விதியே இருக்கிறது: ஒவ்வொரு பிள்ளையும் 6 அவுட் வரையாவது களத்தில் நிற்க வேண்டும், ஒரு முறையாவது பேட் பிடிக்க வேண்டும். டிராவலில் நாம் கட்டுவது பயிற்சிக்கும் சீருடைக்கும் போட்டி நுழைவுக் கட்டணத்துக்கும்தான். யார் எத்தனை இன்னிங்ஸ் ஆடுவது என்பது கோச்சின் கையில்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வழக்கமான போட்டியில் சனிக்கிழமை பூல் எனும் குழு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை நாக் அவுட். சனிக்கிழமை எல்லாப் பிள்ளைகளையும் மாற்றி மாற்றி இறக்குவார்கள். ஞாயிறன்று தோற்றால் வீட்டுக்கு, அதனால் சிறந்த ஒன்பது பேர் மட்டும். எங்கள் அணியில் 13 பேர். ரெக்கில் பந்து அதிகம் வரும் ஷார்ட்ஸ்டாப் இடத்தில் ராணி மாதிரி நின்ற எங்கள் மகள், இங்கே பந்து அதிகம் வராத ரைட் ஃபீல்டுக்குப் போனாள். முதல் இரண்டு ஞாயிறும் பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தாள். கோச் எங்களை ஏமாற்றவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை. அணியில் எத்தனை பேர், இவள் ஆடும் இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர், ஞாயிற்றுக்கிழமை எப்படி முடிவு செய்வீர்கள் என்ற மூன்று கேள்வியை டிரைஅவுட் அன்றே கேட்டுவிடலாம். 11, 12 பேர் என்றால் சரி. 14 என்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

கிளப் பெயரைப் பார்த்து மயங்கியதும் நடந்தது. பெரிய கிளப்புகளில் ஒரே வயதுப் பிரிவில், ஒரே பெயரில் பல அணிகள் இருக்கும். பின்னால் ஒட்டியிருக்கும் கோச்சின் பெயர் மட்டும்தான் வித்தியாசம். தேசிய அளவில் பேர் வாங்கியது அதில் ஒரு அணியாக இருக்கும், உங்கள் பெண் சேர்வது நேற்று ஆரம்பித்த வேறொன்றாக இருக்கலாம். ஏ, பி, சி என்ற தர அடையாளமும் அப்படித்தான், ஓர் ஊரின் பி இன்னோர் ஊரில் ஏ. பெயரை விட்டுவிட்டு, அந்தக் கோச் நடத்தும் பயிற்சியை ஒரு மணி நேரம் வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் தெரிந்துவிடும். பிள்ளைகள் வரிசையில் நின்று கதை பேசுகிறார்களா, எல்லார் கையிலும் பந்து புழங்குகிறதா? நாங்கள் அதைப் பார்க்காமல், கிளப் சின்னம் போட்ட பையை முதல் வாரமே வாங்கினோம். விலையைச் சொன்னால் அம்மா ஊரிலிருந்தே திட்டுவாள்.

வயதுப் பிரிவு மாறும் வருடத்திலேயே டிராவலுக்கும் மாறுவது இரட்டைச் சுமை. 10 வயதுப் பிரிவில் பந்தின் சுற்றளவு 11 அங்குலம், பிட்சர் (பந்து வீசுபவள்) 35 அடி தூரத்திலிருந்து வீசுவாள். 12-க்கு வந்தால் 12 அங்குலப் பந்து, 40 அடி. 14-இல் 43 அடி, கல்லூரியிலும் அதே தூரம்தான். சின்னக் கைக்கு ஓர் அங்குலம் பெரிய விஷயம், பந்து விரலுக்குள் நிற்காமல் வீச்சே மாறிப்போகும். போதாக்குறைக்கு ஆட்டமும் வேறு. சின்ன வயது ரெக் ஆட்டங்களில் பேஸ் திருடுவதற்கு, அதாவது யாரும் பந்தை அடிக்கும் முன்பே அடுத்த பேஸ் எனும் நிறுத்தத்துக்கு ஓடுவதற்கு, கட்டுப்பாடு வைத்திருப்பார்கள். டிராவலில் பிட்சரின் கையை விட்டுப் பந்து கிளம்பியதும் ரன்னரும் கிளம்பிவிடுவாள். மூன்றாவது ஸ்ட்ரைக்கை, அதாவது அவுட் ஆக்க வேண்டிய பந்தை, பின்னால் நிற்கும் கேட்சர் தவறவிட்டால் பேட் பிடித்தவள் முதல் பேஸுக்கு ஓடலாம் என்பதே எங்கள் பெண்ணுக்கு முதல் போட்டியில்தான் தெரிந்தது. எல்லாரும் "ஓடு ஓடு" என்று கத்த, அவள் பெஞ்சைப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தாள்.

நம் வீடுகளுக்கே உரிய தவறு ஒன்று: கிரிக்கெட் அப்பாக்கள். என் கணவர் கல்லூரி அணியில் ஆடியவர். வேலிக்குப் பின்னால் நின்று "காலை முன்னாடி போடு, பேட்டை நேராக் கொண்டு வா" என்பார். நேரான பேட் அங்கே, தரையில் குத்தி எழும் பந்துக்கு. இங்கே பந்து குத்துவதே இல்லை, இடுப்பைத் திருப்பி பேட்டைக் குறுக்கே வீச வேண்டும். கோச் ஒன்று சொல்ல, அப்பா ஒன்று சொல்ல, பிள்ளை நடுவில் நின்று, "அப்பா, ப்ளீஸ்" என்றாள். அப்புறம் அவரை ஸ்கோர் எழுத உட்கார வைத்தோம். அதில் அவர் கெட்டிக்காரர்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிளப் சொல்லும் கட்டணம் ஆரம்பம்தான். ஹோட்டல், பெட்ரோல், பெற்றோருக்கே வாசலில் நுழைவுச் சீட்டு, தனிப் பயிற்சி எல்லாம் மேலே ஏறும். சில போட்டிகளில் அவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டும் என்றுகூட விதி இருக்கும். அதனால் வருடம் முழுக்க எத்தனை போட்டி, அதில் எத்தனை வெளியூர் என்று கேட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். பழைய பேட் வாங்கினால் அதிலுள்ள அங்கீகார முத்திரையைப் பாருங்கள். போட்டிகளை நடத்தும் யூஎஸ்ஏ சாஃப்ட்பால், யூஎஸ்எஸ்எஸ்ஏ என்ற இரண்டு அமைப்புகளுக்கும் தனித்தனி முத்திரை உண்டு, ஒன்றில் செல்வது இன்னொன்றில் செல்லாமல் போகலாம். டிரைஅவுட்டுக்காகப் புதுப் பேட் வேண்டாம், கைக்குப் பழகியதே போதும்.

உங்கள் பெண் பிட்சர் என்றால் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். கீழ்க்கை வீச்சு உடம்புக்கு இயல்பானது, எவ்வளவு வீசினாலும் தோள் வலிக்காது என்று மைதானத்தில் யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நம்ப வேண்டாம். கையைக் காற்றாடி போல் முழு வட்டம் சுற்றி வீசும்போது தோளும் முழங்கையும் நன்றாகவே சுமை தாங்குகின்றன. லிட்டில் லீக் பேஸ்பாலில் 9, 10 வயதுப் பையன் ஒரு நாளில் 75 பந்துக்கு மேல் வீசக் கூடாது, 11, 12 வயதுக்கு 85. டிராவல் சாஃப்ட்பாலில் அப்படி எல்லாருக்கும் பொதுவான எண்ணிக்கை இல்லை. ஒரு வார இறுதியில் ஐந்தாறு ஆட்டம், அணியில் நம்பிக்கையான பிட்சர் இரண்டு பேர் என்றால் கணக்கு எங்கே போகும் என்று பாருங்கள். இதற்கு மேல், நல்ல பிட்சரை அடுத்த வாரம் வேறு அணி இரவலாகக் கேட்கும். பெருமையாக இருக்கும், மறுப்பதுதான் கஷ்டம். எங்கள் அணியில் ஒரு தாய் சின்ன நோட்டில் தன் மகள் வீசிய பந்துகளை எண்ணி எழுதுவார், பயிற்சியில் வீசியதையும் சேர்த்து. மற்ற பெற்றோர் சிரிப்போம். நவம்பரில் மற்றொரு பிட்சர் தோள்வலியோடு உட்கார்ந்தாள், நோட்டுக்காரரின் மகள் வீசிக்கொண்டிருந்தாள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதமாவது அந்த ஆட்டத்திலிருந்து விடுப்பு என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமியின் அறிவுரை. விடுப்பை ஒவ்வொரு மாதமாகப் பிரித்தும் எடுக்கலாம். வருடம் முழுக்க ஆடும் அணியில் அந்த மாதங்கள் எங்கே என்று கேளுங்கள்.

கல்லூரி உதவித்தொகைக் கனவும் சீக்கிரமே எட்டிப் பார்க்கும். 2024-இல் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்துக்கு மாறிய பிட்சர் நிஜாரி கெனடிக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் என்ற செய்தி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் சுற்றியது. பல ஆண்டுகளாக, கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன் 1-இல் அணி ஒன்றுக்கு 12 முழு உதவித்தொகைக்குச் சமமான தொகைதான் அனுமதி, அதை இருபது பேர் வரை பங்கிட்டுக்கொண்டார்கள். 2025-26 முதல், ஒரு வழக்கின் சமரசமாக வந்த புதிய ஏற்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு 25 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. அத்தனை பேருக்கும் பணம் தர வேண்டும் என்று கட்டாயமில்லை. டிவிஷன் 3-இல் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. டிவிஷன் 1 கோச்சுகள் ஒரு பெண்ணிடம் சேர்ப்பு பற்றிப் பேசத் தொடங்குவதே 11-ஆம் வகுப்பின் செப்டம்பர் 1-க்குப் பிறகுதான். ஆகவே பத்து வயதுக் குழந்தையை "கல்லூரி கோச்சுகள் கண்ணில் படுவாள்" என்று யாராவது அழைத்தால், சிரித்துவிட்டு வரலாம்.

கடைசியாகச் சனி, ஞாயிறு. நான் ஞாயிறுதோறும் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுப்பவள். மகளுக்குச் சனிக்கிழமை பரதம். இரண்டையும் கோச்சிடம் சொல்லாமல், போகப் போகச் சமாளிக்கலாம் என்று சேர்ந்தோம். ஒரு பாட்டிக்கு எத்தனை முறைதான் உடம்பு சரியில்லாமல் போகும்? ஆண்டு விழா, அரங்கேற்றம், ஊருக்குப் போகும் டிசம்பர் எல்லாவற்றையும் முதல் நாளே தேதி போட்டுக் கொடுத்தால் பெரும்பாலான கோச்சுகள் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொள்ளாதவர் யார் என்பதும் பணம் கட்டும் முன்பே தெரிந்துவிடும்.

முழு வருடத்துக்கும் கையெழுத்துப் போடும் முன், ஒன்றிரண்டு போட்டிக்கு விருந்தாளி ஆட்டக்காரியாகப் போய்ப் பார்க்கவும் வழி இருக்கிறது. அதை நாங்கள் இரண்டாம் வருட ஆகஸ்டில்தான் கண்டுபிடித்தோம். இப்போது அவள் இருப்பது இருபது நிமிடத் தொலைவில், யாரும் பெயர் கேள்விப்படாத, பதினோரு பேர் அணி. ஞாயிற்றுக்கிழமையும் செகண்ட் பேஸில் நிற்கிறாள். பழைய கிளப் சின்னம் போட்ட பையில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவின் தோரணங்களை வைத்திருக்கிறேன். உறுதியான பை, ஜிப் இன்னும் போகவில்லை.