ஆய்வுக்கூட நாய், பூனை: கூண்டில் பந்து போட்டால் மட்டும் போதாது

ஆய்வு விலங்குகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸில் ‘என்ரிச்மென்ட்’ (விலங்கு சலிப்பின்றி இயல்பாக இருக்க வழிசெய்வது) என்றால் பலருக்கும் கூண்டுக்குள் ஒரு ரப்பர் பந்தைப் போட்டுவிட்டுப் பதிவேட்டில் டிக் அடிப்பதுதான். புதுப் பந்தை நாய் சில நாள் கடிக்கும், பிறகு சீந்தாது. சாமான்களை மூன்று செட்டாகப் பிரித்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுங்கள். அதைவிட முக்கியம், கூட ஒரு நாயும் தினமும் பழகும் ஓர் ஆளும். ஒத்துப்போகிற ஜோடியாக இருந்தாலும் தீனி அடைத்த சாமானை மட்டும் பிரித்து வைத்தே கொடுங்கள்; நடுவில் போட்டால் சண்டைதான்.

பூனைக்கு ஏறிப் படுக்க உயரமான தட்டும், ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியும் வேண்டும். விளையாட்டுச் சாமான்களோடு அந்தப் பெட்டியையும் சேர்த்து மாற்றுவதுதான் இங்கே பெரிய தவறு. மறைவிடம் இல்லாமல் போனால் பூனை மலத்தட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஸ்டேப்ளர் பின், டேப் எல்லாம் பிய்த்தெடுத்த அட்டைப்பெட்டியே போதும். கூட்டமாக வைத்திருந்தால் இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் என்றால் முரட்டுப் பூனை மறித்து உட்கார்ந்துவிடும்.

பிறாண்டும் கட்டையில் சுற்றிய கயிறு பிரிந்தால் அன்றே வெட்டியெறியுங்கள். பூனை நாக்கின் முட்கள் உள்நோக்கி வளைந்தவை. வாயில் மாட்டிய இழையைத் துப்ப முடியாமல் விழுங்கிவிடும். ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொண்டால், குடல் அந்த இழையில் சேலைக் கொசுவம்போல் சுருங்கி அறுபடும்.

கறுப்புப் பினாயில் பூனை அறைக்கு ஆகவே ஆகாது. பாதத்தில் ஒட்டியதை நக்கும். அதிலுள்ள பீனாலைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனைக் கல்லீரலுக்கு மிகக் குறைவு. எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவவும் வேண்டாம், படுக்கைத் துணி ஒன்றாவது பூனையின் வாசனையோடு இருக்கட்டும்.

அழகர் ஆற்றில் இறங்கும் சமயத்து மதுரை வெயிலில் நாயைப் பத்து மணிக்கு வெளியே ஓடவிடுவதும் நடக்கிறது. புறங்கையைச் சிமெண்ட் தரையில் ஐந்து விநாடி வைக்க முடியவில்லையா, விடாதீர்கள்.

ஆய்வையே கெடுப்பவை வேறு. விளையாட்டில் கொடுக்கும் தீனியை அன்றைய அளவிலிருந்து கழிக்க வேண்டும். மருந்து பெறும் குழுவுக்கும் பெறாத குழுவுக்கும் ஒரே ஏற்பாடு வேண்டும். அதை, விலங்கு ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். மயக்க மருந்துக்கு முன் பட்டினி போடும்போது தீனிச் சாமானை எடுக்க மறந்தால், வாந்தி நுரையீரலுக்குள் இறங்கலாம். பெரும்பாலும் இரவு ஷிப்ட் ஆளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கூண்டுக் கதவில் சிவப்பு அட்டை மாட்டி, எத்தனை மணியிலிருந்து தீனி இல்லை என்று எழுதிவையுங்கள்.