மூன்றாவது நாயாக ஒரு டெரியர்

கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையில் ஒரு குடும்பம் கனடாவுக்குப் போனது. வீட்டைப் பூட்டிவிட்டார்கள், நாயைப் படலையில் கட்டிவிட்டார்கள். வெள்ளையும் மண்ணிறமுமாக ஒரு ஜாக் ரஸல் டெரியர் கலப்பு, என் முழங்கால் உயரம்கூட இல்லை. ஐந்து நாள் பாணும் தண்ணீரும் வைத்தேன். பிறகு தொலைபேசியில் கேட்டபோது, "நீங்களே வச்சிருங்கோ" என்றார்கள். அவிழ்த்துக்கொண்டு வந்தேன். அது குரைத்த குரைப்பில் அம்மம்மா, "இது நாயில்லை, கொச்சிக்காய் மிளகாய்" என்றார். கொச்சி என்றே பெயர் நின்றுவிட்டது.

வீட்டில் ஏற்கனவே பதினொரு வயது வெள்ளச்சியும் நாலு வயது ராமுவும். இரண்டும் தெருவில் எடுத்தவை என்பதால், நாய் சேர்ப்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். டெரியர் வேறு ரகம். எலியையும் நரியையும் தேடி வளைக்குள் போக வளர்த்தெடுத்த இனம். பெயரே பிரெஞ்சில் மண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வளைக்குள் பின்வாங்காமல் நிற்கிற நாய்க்கு, நாலு மடங்கு பெரிய நாய் முறைத்தாலும் விலகத் தெரியாது. தெருநாய்க்கு விலகத் தெரியும், அதனால்தான் அது உயிரோடு இருக்கிறது. இந்த இரண்டையும் ஒரே முற்றத்தில் விடப்போகிறோம் என்பதை மறக்கவேண்டாம்.

வீட்டுக்குள் எடுக்குமுன் மிருக வைத்தியரிடம் போங்கள். விசர்நாய்த் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான ஊசிகள், பூச்சி மருந்து. எலி பிடிக்கிற இனம், ஆகவே எலிக்காய்ச்சலுக்கும் ஊசி போட்டாயிற்றா என்று தனியாகக் கேளுங்கள். கொழும்பில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். புது நாயோடு வருகிற உண்ணி பழைய நாய்களையும் படுக்கையில் போட்டுவிடும். வீட்டு நாய்களின் ஊசிக் கார்டுகளையும் அன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் 14 நாள் தனி அறை. பார்வோ மாதிரி ஏதும் தொற்றியிருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். இந்த நாட்களில் மணத்தை மட்டும் பழக்கலாம். கொச்சி படுத்த பழைய சாரத்தை வெள்ளச்சியின் மூலையில் போட்டேன், அவளுடைய சாக்கை இவனுக்குக் கொடுத்தேன். ராமு அந்தச் சாரத்தில் காலைத் தூக்கினான். சரி, அதுவும் ஒரு பதில்தானே.

முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாம், ரோட்டில் வையுங்கள். கடற்கரைப் பக்கமும் வேண்டாம். ரயில் பாதை ஒரு பயம், அங்கே படுத்திருக்கும் நாய்க் கூட்டம் இன்னொரு பயம். ஞாயிறு காலை ஐந்தரைக்கு எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ சத்தமே இருக்காது. தம்பி ஒரு கரையால் ராமுவோடு, நான் மறு கரையால் கொச்சியோடு, ஒரே திசையில் நடந்தோம். முகத்துக்கு முகம் விடவில்லை, கயிற்றை இழுத்துப் பிடிக்கவும் இல்லை. கயிறு இறுகினால் நாயும் இறுகும். மூன்றாம் நாள் இரண்டும் ஒரே மின்கம்பத்தை மணந்தன. வெள்ளச்சியை அடுத்த கிழமைதான் கொண்டுபோனோம். ஒரு நேரத்தில் ஒரு நாய் போதும்.

முற்றத்தில் விடுமுன் எலும்பு, பந்து, சாப்பாட்டுக் கோப்பை எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தேன். சிரட்டையை மறந்துவிட்டேன். தேங்காய் திருவிய சிரட்டையை நக்குவது வெள்ளச்சியின் பதினொரு வருட உரிமை. அம்மம்மா வழக்கம்போலக் குசினி வாசலால் ஒன்றைப் போட்டார். கொச்சி உறுமவே இல்லை. நான் திரும்பிப் பார்க்கும்போது வெள்ளச்சியின் காது அவன் வாயில். மடத்தனமாக இடையில் கையை விட்டேன், எனக்கும் ஒரு கடி. அவளுக்கு இரண்டு தையல்.

ஆகவே கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஒரு பலகைத் துண்டும் வாசலில் இருக்கட்டும். தண்ணீரை ஊற்றுங்கள், இடையில் பலகையைச் செருகுங்கள். கடி பட்டால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள் அப்பிக்கொண்டு வீட்டில் இருக்கவேண்டாம். நாய்க்கு ஊசி போட்டிருந்தால் அந்தக் கார்டையும் கொண்டுபோங்கள். நாங்கள் திரும்பவும் ரோட்டு நடையிலிருந்து தொடங்கினோம்.

உறுமினால் அடிக்கிறவர்கள் உண்டு. உறுமல் நல்லது, "கிட்ட வராதே" என்று வாயால் சொல்லுகிறது. அதை அடித்து நிறுத்தினால் அடுத்தமுறை சொல்லாமல் கடிக்கும். பயப்படவேண்டியது சத்தம் அடங்கி, வாய் மூடி, உடம்பு விறைத்து, கண் அசையாமல் நிற்பதற்குத்தான். அந்த நேரம் கத்தாமல், சாவிக்கொத்தைக் குலுக்கி வேறு பக்கம் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, முருங்கை மரத்து அணில். அணிலைக் கண்டு துள்ளிக்கொண்டிருக்கும் டெரியருக்குப் பக்கத்தில் எந்த நாய் வந்தாலும் கடி அதற்குத்தான் விழும். கோபம் அணிலில், பல் ராமுவில். வடிகானுக்குள் கபரகொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு வந்தாலும் இதே கதை. அதனால் கொச்சிக்குத் தனியாக ஒரு தொழில் கொடுத்தேன்: உடைந்த தொட்டியில் மணல் நிரப்பி, பாண் துண்டும் கருவாட்டு வாலும் புதைத்து, காலையில் கால் மணித்தியாலம் தோண்ட விடுவேன். மற்ற இரண்டும் அந்த நேரம் உள்ளே. தோண்டி முடித்தவன் நல்ல பிள்ளையாக வருவான், அரை மணித்தியாலத்துக்காவது.

இப்போது நாலாம் மாதம். ராமுவும் அவனும் ஒரே சாக்கில் படுக்கிறார்கள். வெள்ளச்சி அவனைக் கண்டால் எழும்பிக் கதிரைக்குக் கீழே போவாள், நானும் அவனைப் பின்னால் போக விடுவதில்லை. மூன்று கோப்பையும் மூன்று இடத்தில். நான் வேலைக்குப் போகும்போது கொச்சி அறைக்குள். சிரட்டையை அம்மம்மா இப்போது மதிலுக்கு மேலே வைக்கிறார், காகத்துக்கு.